எருமையும் இனத்தெரிவும்: பெருந்தோட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு விலங்கினத்தின் உருவம் அதனை வைத்திருப்போரின் தேவைக்கேற்ப அமைகின்றது. இவ்வுண்மைக்கு மலையகத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1848 இல் நுவரெலியாவிலே பண்ணை அமைக்க முற்பட்ட சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து டர்ஹாம் கலப்புக் காளையொன்றையும் டர்ஹாம் இனப் பசுவொன்றையும் கொணர்வித்தார். விரைந்து வளர்ந்து ஊன் வைக்கும் பொருட்டுக் கொலிங் சகோதரர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மேம்படுத்திய இனம் அது. அவர்களுக்கு வழிகாட்டியவர் றொபேட் பேக்வெல் (1725-1795). சிறந்த ஆணைத் தெரிந்து, நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்து, வேண்டிய குணத்தை நிலைநிறுத்துவதே அவர் முறை.

எருமைக்கு இம்முறை நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆசியாவில் அது உழவுக்கும் சுமைக்கும் உரிய விலங்கு. தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றில் நன்கு வளர்ந்த கடாவே காயடிக்கப்பட்டு ஏரிற் பூட்டப்பட்டது. இனம் பெருக்கும் பணி எஞ்சிய சிறிய கடாக்களைச் சார்ந்தது. உழவன் எண்ணாமலே, வளர்ச்சிக்கு எதிரான தெரிவு தலைமுறைதோறும் நிகழலாயிற்று.

இந்நிலை மாறிய இடங்களுள் ஒன்று திரினிடாட் தீவு. அதுவும் பெருந்தோட்ட நாடே. 1845 முதல் 1917 வரை அங்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள், சென்னையிற் கப்பலேறிய தமிழரும் அடங்குவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்பு வண்டி இழுக்க இந்திய எருமைகளும் சென்றன. முரா, சூர்த்தி, ஜாபராபாதி முதலிய இனங்கள் அங்கே கலந்தன. உழவு இயந்திரம் பரவியதும் எருமை வேலையிழந்தது. அப்போது மிருக வைத்தியர் ஸ்டீவ் பெனெற், தசைப்பற்றும் விரைந்த வளர்ச்சியும் சாந்த குணமும் உடையவற்றைத் தெரிந்து இறைச்சி இனமொன்றை உருவாக்கினார். எருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு கலிப்சோ இசையின் பெயரை இணைத்து அது 'பஃபலிப்சோ' எனப்பட்டது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்கும் அது ஏற்றுமதியாயிற்று.

இத்தகைய தெரிவுக்கு மூன்று வேண்டும்: பெருமந்தை, பிறப்பும் நிறையும் பதியும் ஏடு, சிறந்த ஆணை விற்காது வைத்திருக்கும் வசதி. கரும்புத் தோட்ட உடைமையாளருக்கு இவை எட்டக்கூடியன. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தோட்டத் தொழிலாளருக்கோ எட்டாதன. சேற்றிற் புரளும் எருமைக்கு அக்குளிர்மலை ஏற்றதன்று. எனவே லயத்தருகே கொட்டிலில் ஓரிரு பசுக்களே நின்றன. அவற்றின் பயன் பாலும் எருவும். புல் தேயிலை மலையோரங்களில் அறுத்தது, நிலம் தோட்டத்துக்குரியது. காளைக்கன்றை வளர்த்து வைத்திருக்க இடமேது?

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. காளை வளர்க்காதவரும் நல்ல காளையின் வித்தைப் பெறலாம். ஆயினும் பெரிதாய் வளரும் விலங்கு பெரிதும் உண்ணும். பேக்கருக்குப் புல்வெளி இருந்தது. லயத்துக் குடும்பத்துக்கு ஒரு கட்டுப் புல்லே கணக்கு. ஆகவே எவ்வினம் சிறந்தது என்று வகுப்பதற்கு முன், அதற்குப் புல் அறுப்பவரின் நிலவுரிமையை ஆராய்தல் வேண்டும்.