இறகால் வாடகை கட்டிய தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஆளில்லாத தீவுகளுக்குச் சின்னப் படகில் போய், கூடாரம் அடித்துத் தங்கியவர்கள் எழுதிய நினைவுகள் ஏராளம். 1949-ல் வந்த ராபர்ட் அட்கின்சனின் 'ஐலண்ட் கோயிங்' அவற்றில் பெயர் பெற்றது. 1935-ல் அவரும் நண்பர் ஜான் ஐன்ஸ்லியும் லீச் பெட்ரல் என்ற கடற்பறவையைத் தேடிக் கிளம்பினார்கள். அது கூடு கட்டுவது மனிதர்கள் சுலபத்தில் போகமுடியாத தீவுகளில். பறவையைத் தேடிப் போனவர்கள் வழியில் பார்த்ததெல்லாம் மனிதர்கள் விட்டுப்போன ஊர்கள். செயின்ட் கில்டா அதில் ஒன்று. எனக்குச் சொல்லத் தோன்றுவது அந்த ஊரின் கதையைத்தான்.

வடக்கு உயிஸ்ட் தீவுக்கு மேற்கே சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். மக்கள் இருந்தது ஹிர்ட்டா என்ற பெரிய தீவில். 1697-ல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் திறந்த படகில் அலையோடு போராடி அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது சுமார் 180 பேர் இருந்ததாக எழுதியிருக்கிறார்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதைப் படித்தாலும் கண் முதலில் கணக்குக்குத்தான் போகும் :-) அந்த ஊரில் காசே புழங்கவில்லை. தீவின் சொந்தக்காரர் டன்வேகன் மெக்லியாட். அவருடைய ஆள் வருஷத்துக்கு ஒருமுறை படகில் வந்து வாடகை வசூல் செய்வார். மக்கள் கொடுத்தது பறவை இறகு, பறவை எண்ணெய், கையால் நெய்த கம்பளித் துணி. ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்தான பாறையில் இறங்கிப் பறவை பிடிப்பார்கள். கிடைத்ததை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். அன்றைக்கு என்ன வேலை என்று காலையில் தெருவில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதற்கு 'பார்லிமெண்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வழியிலேயே நோயில் இறந்துபோனார்கள். பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன, கூடவே சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். துணிக்கும் முட்டைக்கும் காசு கிடைத்தது. டீ, சர்க்கரை, மாவு, புகையிலை என்று கடைச்சாமான் பழகியது. அதே சமயத்தில் பறவை எண்ணெய்க்கும் இறகுக்கும் வெளியில் மதிப்புக் குறைந்துகொண்டே போனது. வரவு சுருங்கிச் செலவு ஏறினால் எந்தப் பேரேடும் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அவர்களுடைய தபால் கதை இன்னும் சுவாரஸ்யம். 1877 ஜனவரியில் ஓர் ஆஸ்திரியக் கப்பல் அங்கே உடைந்தது. உயிர் பிழைத்த மாலுமிகளுக்கும் சேர்த்துச் சாப்பாடு போடும் நிலைமை ஊருக்கு. அப்போது தீவில் மாட்டிக்கொண்டிருந்த ஜான் சாண்ட்ஸ் என்ற பத்திரிகைக்காரர், கப்பலின் மிதவையில் கடிதத்தைக் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பது நாளில் அது ஆர்க்னியில் கரை சேர்ந்தது. உதவிக் கப்பலும் வந்தது. அதிலிருந்து ஊர்க்காரர்கள் மரக்கட்டையைப் படகு மாதிரிக் குடைந்து, உள்ளே கடிதமும் தபால்தலைக்கு ஒரு பென்னியும் வைத்து, ஆட்டுத்தோல் மிதவை கட்டிக் காற்று பார்த்து விடுவார்கள். யாரோ முகம் தெரியாத ஆள் எடுத்துத் தபாலில் சேர்ப்பார் என்ற நம்பிக்கைதான்.

முதல் உலகப்போருக்குப் பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பாறையில் இறங்கவும் படகு வலிக்கவும் ஆள் போதவில்லை. 1930 மே 10-ம் தேதி, தங்களை அங்கிருந்து அழைத்துப்போகும்படி அரசாங்கத்துக்கு எழுதிய மனுவில் 20 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 29-ம் தேதி மிச்சமிருந்த 36 பேரும் 'ஹேர்பெல்' கப்பலில் ஏறினார்கள். வீடுகளில் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். வளர்த்த நாய்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பலருக்கு லாக்கலைன் பக்கம் வீடு கொடுத்து, வனத்துறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டு வேலை! சில பெரியவர்கள் கோடை வந்தால் பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்த் தங்கினார்கள். 1938-ல் அட்கின்சன் அங்கே போனபோது அப்படி வந்திருந்தவர்களைப் படம் எடுத்திருக்கிறார். எட்டு வயதில் கப்பலேறிய ரேச்சல் ஜான்சன்தான் அந்த 36 பேரில் கடைசி ஆள். 2016-ல் காலமானார். 1986-ல் யுனெஸ்கோ அந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. ஊர் காலியான பிறகு வந்த கௌரவம்.

அவர்களை யாரும் அடித்து விரட்டவில்லை. மனு எழுதியது அவர்களேதான். ஆனால் அந்த மனுவில் கையெழுத்துப் போடும் நிலைமைக்கு அவர்கள் வந்துசேர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. ஊரை நாம் விட்டோமா, ஊர் நம்மை அனுப்பியதா? நாக்பூரில் பிறந்த என் மகள் கேட்டபோது, "வேலைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அப்பா விற்ற நிலம், வறண்ட கிணறு, பூட்டிய ரைஸ்மில் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. உட்கார வைத்து ஒருநாள் முழுசாகச் சொல்லவேண்டும். கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கும்போதே.