உள்குத்தகை

குத்தகை, வயற்காட்டுச் சொல். வாரம் என்றால் விளைந்ததைப் பங்கு போட்டுக்கொள்வது. மகசூல் குறைந்தால் நிலக்காரருக்கும் குறையும். குத்தகையில் இத்தனை கலம் என்று முன்பே பேசி முடித்துவிடுவார்கள். மழை பொய்த்தாலும் அளந்தாக வேண்டும். நட்டம் முழுவதும் கீழே இருப்பவர் தலையில்தான். குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்றினால் அது உள்குத்தகை.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தச் சொல் பட்டாசு ஆலைக்குள், ஊர்ப்பேச்சில் ‘பயர் ஆபீசு’க்குள், புகுந்துவிட்டது. இங்கே கைமாறுவது அறைகள். உரிமம் ஒருவர் பெயரில். ஆளுக்குச் சில அறையாக எடுத்து வெடி செய்கிறவர்கள் வேறு பலர். குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டிய அவசரத்தில், நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் கூடுதல் ஆள் உட்காருகிறார்கள். வெடிக்குள் இடும் மணிமருந்து லேசாக உராய்ந்தாலே போதும், வெடித்துவிடும். சட்டம் இந்தக் கைமாற்றை அனுமதிப்பதில்லை. அதனாலேயே எதுவும் எழுத்தில் இருப்பதில்லை. கூலியாளின் பெயரும்தான்.

2021 பிப்ரவரி 12 அன்று இதே மாவட்டத்து அச்சங்குளத்தில் வெடித்த பட்டாசு ஆலையும் இப்படிக் கைமாறியதுதான். 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கின் தையல் ஆலைகளில் மிஷின்களைச் சில காண்ட்ராக்டர்களிடம் விட்டு, அவர்களே பெண்களை வைத்து வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. 1910-இல் மேலங்கி தைப்பவர்கள் பல்லாயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, ஆலைக்குள் உள்குத்தகையே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். கூலி உயர்வைவிடப் பெரிய வெற்றி அதுதான் என்பேன். அதே நகரில் சங்கத்தை ஏற்க மறுத்த டிரையாங்கிள் ஆலையில் 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள்.

நம் பக்கம், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பின்னி ஆலைத் தொழிலாளிக்குத் தன் முதலாளி யாரென்று தெரியும். சங்கத் தலைவர்களான திரு.வி.க.வும் வாடியாவும் யாரிடம் பேச வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பயர் ஆபீசில் சங்கம் கூலி பேசப் போனால் உரிமக்காரர் குத்தகைக்காரரைக் காட்டுவார், அவர் உள்குத்தகைக்காரரை, அவர் போர்மேனை. போர்மேனோ அதே ஊர்க்காரர், தீபாவளிக்கு முன்பணம் வாங்கிக்கொடுத்தவர். அவரிடம் யார் சண்டைக்குப் போவார்கள்?