மறையும் விண்மீன் விட்டுச் செல்வது

கொருக்குப்பேட்டையில் இரவு வானைக் காண்பது அரிது. ஆலைப் புகையும் சரக்கு இரயில் பாதைகளின் விளக்கொளியும் சில விண்மீன்களையே நம் கண்களுக்கு விட்டுவைக்கின்றன. சென்ற ஆண்டு நம் பங்கில் மூதாட்டி ஒருவரின் அடக்கச் சடங்கு முடிந்து திரும்புகையில், அவருடைய பேரன் நம் கையைப் பற்றிக்கொண்டான். "ஆயா நட்சத்திரமாயிட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க ஃபாதர். நட்சத்திரம் சாகுமா?" பிறகு சொல்வதாகக் கூறினோம். அந்தக் கடனைத் தீர்க்க நூல்களைப் புரட்டியபோது, அவ்வினாவின் வரலாறு நம் சென்னையையும் தொட்டுச் செல்வதைக் கண்டோம்.

1780-களில் வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்கியில் வட்டமான, மங்கலான ஒளித்தட்டுகள் சிலவற்றைக் கண்டார். பார்வைக்குக் கோள்களை ஒத்திருந்தமையால் 'கோள் நெபுலா' எனப் பெயரிட்டார். கோள்களுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் அத்தகைய ஒன்றின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து, அது வெறும் வாயு என்று காட்டினார். சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் பருத்து, தன் மேலடுக்குகளை வெளியே உதறுகிறது. நடுவே எஞ்சும் வெப்பமிக்க உட்கரு அவ்வாயுவை ஒளிரச் செய்கிறது.

அந்த உட்கரு பின்னர் குளிர்ந்து வெண்குள்ளன் ஆகும். அதன் எடைக்கு எல்லை உண்டா? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் இதைக் கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே இன்று நாம் அறியும் எல்லை. 1935-இல் இலண்டன் அவையில் எடிங்டன் அதை எள்ளி நகையாடினார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விண்மீன் உதறும் வாயுவோடு தூசியும் கலந்திருக்கும். தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும். ரேடியோ அலைகளோ அதை ஊடுருவி வந்துவிடும். ஆகவே ரேடியோ வானியல் இத்துறைக்குப் புதியதொரு கண்ணாயிற்று. நம் மாநிலத்தில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் உதகை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி எழுந்தது. நிலவு மறைக்கும் கணத்தைக் கொண்டு தொலைதூர ரேடியோ மூலங்களின் வடிவை அதில் அளந்தனர். பின்னர் அவரே புனே அருகில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களை ஒரே கருவியாய் இணைத்தார்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 27 கிண்ணங்கள் அவ்வாறே இணைந்து, அன்ன விண்மீன் குழுவிலுள்ள என்.ஜி.சி. 7027 என்னும் நெபுலாவைப் படம்பிடித்தன. ஒளிப்படத்தில் தூசியால் சிதைந்து தெரிந்த அது, ரேடியோ படத்தில் முட்டை வடிவ வளையமாய்த் தெளிந்தது. சில ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது வளையம் விரிந்திருந்தது. அதைக் கொண்டு தொலைவு ஏறத்தாழ 3,000 ஒளியாண்டு என்று கணித்தனர். இவ்வாறு விரியும் வாயு பல்லாயிரம் ஆண்டுகளில் வெளியில் கரையும். அது சுமந்து செல்லும் கரியும் நைட்ரஜனும் புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் பொருளாகும். நம் உடலிலுள்ள கரியில் ஒரு பகுதி இவ்வாறு மறைந்த விண்மீன்கள் தந்ததே.

மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிறுவனை நிறுத்தி, கரும்பலகையில் அவ்வளையத்தை வரைந்து காட்டினோம். விண்மீனும் சாகும் என்றோம். தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டே சாகும் என்றோம். "அப்ப ஆயா?" என்றான். ஆயா நட்சத்திரமாகவில்லை, ஆண்டவரிடம் இருக்கிறார் என்பதே நம் விசுவாசம். அதை எந்தத் தொலைநோக்கியும் காட்டாது என்று மறைக்காமல் சொன்னோம். ஆயா தனக்குக் கொடுத்தவற்றை அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

வெளியே வந்ததும் அன்னக் குழு இருக்கவேண்டிய வடதிசையைக் காட்டினோம். புகைதான் தெரிந்தது. "அங்கதான் இருக்குதா ஃபாதர்?" என்றான். இருக்கிறது என்றோம்.