கேள்வி கேட்டவர் பதில் சொல்ல வரட்டும்!

நடுவர் அவர்களே! என் பேச்சை எந்த இடத்துல வெட்டலாம்னு இப்பவே குறிப்பு எடுத்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! ஓசூர், கிருஷ்ணகிரிப் பெருமக்களே!

“தொலைக்காட்சிச் செய்தியாளர் அரசியலுக்கு வருவது நாட்டுக்கு லாபமா, நஷ்டமா?” என்பது தலைப்பு. லாபமே என்று பேச வந்திருக்கிறேன்.

நான் இந்த ஓசூர்க்காரி. எல்லை ஊர்! தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு பாஷை புழங்கும். பஸ்ஸுல கண்டக்டர் நாலு பாஷையிலயும் “சில்லறை இல்லை”ன்னு சொல்லுவார். சில்லறை மட்டும் எந்த பாஷையிலயும் வராது! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கேட்டார்: “நேத்து வரைக்கும் மைக்கை நீட்டினவர் இன்னைக்குக் கட்சித் துண்டைப் போட்டுக்கிட்டா, இத்தனை நாள் கேட்ட கேள்வியெல்லாம் சீட்டுக்காகத்தானா?” நியாயமான சந்தேகம். பதில் சொல்றேன். அதுக்கு முன்னால எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்கப்பா இங்கே சிப்காட்டுல ஒரு சின்னக் கம்பெனியில வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில ஒரு நாள் காலையில போனா, கேட்டுல பூட்டு. எத்தனையோ குடும்பம் ரோட்டுல நின்னது. அப்போ ஒரு டி.வி. கேமரா வந்தது. சின்னப் பையன் ஒருத்தர் மைக்கை நீட்டி, “இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?”ன்னு அப்பாவைக் கேட்டார். அன்னைக்கு ராத்திரி தெருவே எங்க வீட்டுல கூடிடுச்சு. அப்பா திரையில வந்தது இருபது விநாடி! அம்மா சொன்னாங்க, “மூஞ்சியைக் கழுவிட்டு நின்னிருக்கக் கூடாதா?” (சிரிப்பு) அப்பா சிரிக்கலை. “இன்னைக்குக் கேட்டாங்க. நாளைக்கு யாரு கேப்பா?”ன்னார்.

மறுநாள் கேமரா வரலை, நடுவர் அவர்களே. பூட்டு மட்டும் அங்கேயே இருந்தது. அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. கேட்கிறது அவர் வேலை, கேட்டார், போனார். பூட்டைத் திறக்க வைக்கிற வேலை வேற நாற்காலியில இருக்கு. என் கட்சி என்னன்னா, கேட்கத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த நாற்காலிக்குப் போகட்டும்.

இதுக்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டாம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் காலத்துல டி.வி. ஏது? பத்திரிகைதான். 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’னு ஒரு இதழ் நடத்தினார். மது கூடாது என்பதுதான் அதன் ஒரே பேச்சு. அவருக்கு உதவியாக இருந்தவர் கல்கி. “ராஜாஜி முதல்லயே அரசியல்வாதிதானே?” என்பீர்கள். உண்மை. 1917-லேயே சேலம் நகரசபைத் தலைவர், அப்புறம் சிறைக்கும் போனவர். ஆனால் பத்திரிகையில் எழுதியதை அவர் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போ முதலமைச்சரைப் பிரதமர்னுதான் சொல்லுவாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு! அன்றைய சேலம் மாவட்டம் என்றால் நம்ம ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். கடையை மூடியாச்சு. கஜானாவுக்கு வந்த வருமானம்? அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார். கேள்வி கேட்கக் காசு வேண்டாம். பதில் சொல்ல பட்ஜெட் வேணும்! எழுதினவரே நாற்காலியில் உட்கார்ந்ததால்தான், “பணத்துக்கு எங்கே போவே?” என்ற அடுத்த கேள்விக்கும் அவரே வழி தேட வேண்டியிருந்தது. (கைதட்டல்)

இப்போ டி.வி. காலத்துக்கு வர்றேன். சன் டி.வி.யில் ‘நேருக்கு நேர்’ நடத்திய ரபி பெர்னார்ட்டை நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நல்லாத் தெரியும். அவர் பிறகு ஜெயா டி.வி.க்குப் போனார், 2011-ல் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். கேரளத்துல வீணா ஜார்ஜ், கல்லூரியில இயற்பியல் சொல்லிக்கொடுத்துட்டு, அப்புறம் டி.வி. செய்தியாளர் ஆனவங்க. 2016-ல் ஆரன்முளாவில் ஜெயிச்சாங்க. 2021-ல், கொரோனா நடுவுல, சுகாதார அமைச்சர்! தினம் மைக்கை நீட்டினவங்க முன்னால தினம் மைக். ஆஸ்பத்திரியில குறைன்னா, “யார் பொறுப்பு?”ன்னு வேற யாரையும் கை காட்ட முடியாது.

அதே 2016-ல் இன்னொரு டி.வி. பிரபலம் எம்.வி. நிகேஷ்குமார் அழீக்கோட்டில் நின்றார். தண்ணி கெட்டுப்போச்சுன்னு காட்ட, பிரசாரத்துல ஒரு கிணத்துக்குள்ளேயே இறங்கிட்டார்! (சிரிப்பு) ஊரே வீடியோவைப் பார்த்தது. ஓட்டு? தோத்துட்டார். ஜனங்க படத்தையும் பார்ப்பாங்க, ஆளையும் எடை போடுவாங்க. டி.வி. முகம் இருந்தா ஏமாத்திடலாம்னு எதிரணி பயப்படுது. வாக்காளர் அவ்வளவு ஏமாளி இல்லை.

கடைசியா, கடல் தாண்டி ஒரு சாட்சி. கனடாவில் கியூபெக் மாகாணம். அங்கே பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு. ஆனா அந்தக் காலத்துல பல பெரிய கம்பெனிகள்ல முதலாளி பாஷை இங்கிலீஷா இருந்தது. ஓசூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம்! ரெனே லெவெக் என்ற செய்தியாளர் 1956 முதல் டி.வி.யில் கரும்பலகையும் வரைபடமும் வைத்து உலகச் செய்திகளை எளிமையா விளக்கினார். 1958 டிசம்பர் கடைசியில் அவருடைய நிலையத் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் வரை இழுத்தது. லெவெக் அவர்களோடு நின்றார். மத்திய அரசு கண்டுகொள்ளவில்லை. 1960-ல் தேர்தலில் நின்று ஜெயித்து அமைச்சரானார். அவர் முயற்சியில் 1963-ல் தனியார் மின் கம்பெனிகள் அரசு நிறுவனத்தோடு சேர்ந்தன. 1976-ல் மாகாணப் பிரதமர். மறு வருஷமே, கட்சிகளுக்கு வாக்காளர் மட்டும்தான் நன்கொடை தரலாம், கம்பெனியும் சங்கமும் தரக் கூடாதுன்னு சட்டம்! 1980-ல், கனடாவிலிருந்து விலகி இறையாண்மை பெறப் பேச்சு நடத்தலாமா என்று மக்களையே கேட்டார். சுமார் 60 சதவீதம் பேர் “வேண்டாம்” என்றார்கள். அந்தப் பதிலையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

சரி, எதிரணித் தலைவரின் சந்தேகத்துக்கு வர்றேன். நம்ம ஜூஜூவாடி செக்போஸ்ட் ஞாபகம் இருக்கா? 2017-ல் ஜி.எஸ்.டி. வர்ற வரைக்கும் வணிகவரிக்காரங்க லாரியை நிறுத்துவாங்க. “என்ன சரக்கு? எங்கே ஏத்தினது? பில்லைக் காட்டு!” லாரி எல்லை தாண்டுறது குத்தமா? இல்லவே இல்லை. சரக்கை மறைச்சுத் தாண்டுறதுதான் குத்தம்.

செய்தியாளருக்கும் அதே செக்போஸ்ட் வைப்போம். கட்சிக்குப் போகணும்னு முடிவெடுத்த அன்னைக்கே மைக்கை கீழே வை. எந்தக் கட்சி, ஏன் போறேன்னு ஊரறியச் சொல்லு. சட்டைப் பையில உறுப்பினர் அட்டை, கையில நடுநிலை மைக் – இது கடத்தல்! அதை நான் ஆதரிக்க மாட்டேன். பில்லைக் காட்டிட்டு வர்றவங்களை ஏன் தடுக்கணும்? (கைதட்டல்)

எங்கப்பா இப்ப இல்லை. அவர் கேட்டது இன்னும் எங்க வீட்டுல இருக்கு: “நாளைக்கு யாரு கேப்பா?” கேட்டுப் பழகினவர் சட்டசபைக்குப் போனா, நாளைக்கும் கேட்பார், நாம அவரையும் கேட்போம். அதனால் லாபமே என்று தீர்ப்பு வழங்க வேண்டி, நடுவர் அவர்களை வணங்கி அமர்கிறேன்.