மட்டையும் பந்தும் வந்த வழி



நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு முதல் பேட் தென்னை மட்டைதான். ஆனால் கடையில் வாங்கும் பேட், பந்துக்குப் பின்னால் 1947 இருக்கிறது.

அதுவரை விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊர் சியால்கோட். பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போனது. இந்து, சீக்கியத் தொழிலாளர்கள் வீட்டையும் பட்டறையையும் விட்டுவிட்டு ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் அகதிகளாக வந்தார்கள். கையில் இருந்தது தொழில் மட்டும்தான்.

1931-இல் சியால்கோட்டில் தொடங்கிய எஸ்.ஜி. நிறுவனம் 1950-இல் மீரட்டில் மறுபடி எழுந்தது. இன்று இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளில் அதன் பந்துதான்.

தக்கை உருண்டைமேல் நூல் சுற்றி, தோல் போர்த்தி, ஆறு வரிசையாகக் கையால் தைப்பார்கள். எடை 156 முதல் 163 கிராமுக்குள் நிற்க வேண்டும். பேட்டுக்கு வில்லோ மரம், கைப்பிடிக்குப் பிரம்பு.

ஊரை இழந்தவர்கள் தொழிலை இழக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தரும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.