ஒரு குரலுக்கு இரு வாய்கள்

ஒலிபெருக்கியை அறியாதார் இன்று எவருமிலர். கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் அதன் முழக்கத்துக்குத் தப்பியவரும் அரியர். ஆயினும், ஒரே பாட்டின் தாழ்ந்த ஒலிகளை ஒரு பெட்டியும் உயர்ந்த ஒலிகளை வேறொரு பெட்டியும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சிந்தித்தோர் சிலரே. இக்காலத்தில் பலர் தம் இல்லத்து ஒலிபெருக்கிகளோடு சப்வூஃபர் எனப்படும் தாழொலிப் பெட்டியொன்றை வாங்கி இணைக்கின்றனர். விரியலாக்கியைத் தன் வயிற்றிலேயே சுமந்து நிற்கும் பெட்டி அது. பெரும்பொருள் கொடுத்து வாங்கி இணைத்த பின்னர், இசை பெருகாமல் குழம்பிவிட்டதே என்று மனம் நோவோரும் உளர். அக்குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். வலந்தலை ஒருவகை ஒலி தருகிறது; தொப்பி வேறுவகை ஒலி தருகிறது. ஒரு தோலே இரண்டையும் செய்யட்டும் என்று நம் முன்னோர் விட்டாரில்லை. ஒலிபெருக்கியின் இயல்பும் அத்தகையதே. தாழ்ந்த ஒலி பிறக்க வேண்டுமாயின் மிகுந்த காற்றை அசைத்தல் வேண்டும். அதற்கு அகன்ற கூம்பு தேவை. உயர்ந்த ஒலிக்கோ செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அதிரவல்ல சிறிய, இலேசான கூம்பு தேவை. யானையும் குருவியும் ஒரே கூட்டில் வாழா.

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர், காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருளோடு பிணைத்த காகிதக் கூம்பைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை அவ்வமைப்பின் வழித்தோன்றல்களே. அடுத்த ஆண்டில் அது றேடியோலா 104 என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அக்காலத்து வானொலிப் பெட்டிகளின் வலு அதனை இயக்கப் போதாமையால், அதற்கென ஒரு விரியலாக்கியையும் உள்ளே வைத்தே விற்றனர். எனவே, தன் வலுவைத் தானே கொண்ட பெட்டி என்பது நேற்று முளைத்த புதுமை என எண்ணுதல் தவறு.

ஒலியை இரண்டாகப் பகுக்கும் முறையின் ஆற்றலை மக்கள் வியந்து கேட்ட நாள் 1933ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் திகதி. பிலடெல்பியா நகரில் இசைக்குழுவினர் வாசித்தனர். அவர்களுக்குமுன் நின்று நடத்தியவர் அலெக்சாந்தர் ஸ்மாலென்ஸ். நூறு மைலுக்கு அப்பாலுள்ள வாஷிங்டன் நகரின் கொன்ஸ்ரிரியூஷன் மண்டபத்திலே சபையோர் கேட்டனர். குழுவின் தலைவரான ஸ்டொகோவ்ஸ்கியோ மேடையை விட்டு வாஷிங்டனிலே ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவியின் முன் அமர்ந்திருந்தார். பெல் ஆய்வுகூடத்தார் மூன்று நுணுக்குப்பன்னிகளையும் மூன்று தொலைபேசி வழிகளையும் அமைத்திருந்தனர். ஒவ்வொரு வழியின் முடிவிலும் செக்கனுக்கு 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்கு ஒரு பெருங்கொம்பும், மேற்பட்ட ஒலிக்குச் சிறுகொம்புகளும் வைக்கப்பட்டன.

இவ்வழியைப் படமாளிகைகளுக்குக் கொண்டுவர முயன்றபொழுதுதான் இடர் வெளிப்பட்டது. ஹொலிவூட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் ஒலிப்பகுதிக்கு டக்ளஸ் ஷியரர் தலைவர். நடிகை நோமா ஷியரரின் உடன்பிறந்தார் அவர். அவரின்கீழ்ப் பணிபுரிந்த ஜோன் ஹில்லியார்ட் என்னும் பொறியியலாளர், எலினர் பவல் ஆடிய காலடித் தாள நடனத்தின் ஒலியை இத்தகைய இரட்டைக் கொம்பமைப்பில் கேட்டபோது, ஒவ்வொரு காலடியும் இரண்டு காலடிகளாகக் கேட்டதைக் கண்டாராம். ஆடியவளோ தாளந் தவறாதவள். கருவியில் உடைவோ கம்பியிற் பிழையோ இல்லை. பின் எங்கிருந்து வந்தது அந்த இரண்டாவது அடி?

தாழொலிக் கொம்பு மிக நீண்டது. அதனுள்ளே ஒலி செல்லவேண்டிய வழி, உயர்ந்த ஒலியின் வழியைக் காட்டிலும் ஏறத்தாழ 8 அடி கூடியது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,100 அடி செல்வது. ஆகவே தாழ்ந்த பகுதி ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏழு பங்கு பிந்தி வந்தது. இது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்ததே; ஆயினும், காலடி போன்ற கூரிய ஒலியில் அதனைச் செவி மன்னிப்பதில்லை. வயலினின் நெடிய ஒலியில் இக்குறை மறைந்து கிடந்திருக்கும். நடனக்காரியின் பாதுகையே அதனைக் காட்டிக்கொடுத்தது என்பது எனக்கு எப்பொழுதும் இன்பந் தரும் செய்தி.

ஹில்லியார்டும் ஜேம்ஸ் லான்சிங் முதலிய துணைவரும் தாழொலிக் கொம்பின் வழியைச் சுருக்கினர். இரு கொம்புகளும் ஒரே வேளையிற் பேசுமாறு அவற்றின் இருப்பை ஒழுங்கு செய்தனர். இவ்வாறு பிறந்ததே ஷியரர் கொம்பு. 1936ஆம் ஆண்டுக்கான அக்கடமி விருதுகளில் அதற்கு விஞ்ஞானப் பிரிவிற் பரிசு கிடைத்தது. அதன் பின் பல ஆண்டுகள் படமாளிகைகள் இவ்வழியைப் பின்பற்றின.

பிற்காலக் கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1974இல் நிலநடுக்கத்தைப் பொருளாகக் கொண்ட ஓர் அமெரிக்கப் படத்துக்காக, சென்சரவுண்ட் என்னும் பெயரால், தனி விரியலாக்கிகளோடு கூடிய பெருந் தாழொலிப் பெட்டிகளை மாளிகைகளில் நிறுவினர். சபையோர் ஒலியைக் கேட்டதிலும் உடம்பால் உணர்ந்ததே மிகுதி. 1992இல் டொல்பி டிஜிட்டல் முறை, தாழொலிக்கெனத் தனி வழியொன்றை வகுத்தது. பின்னர் அது வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இனி, வீட்டில் இணைப்போர் நிலைக்கு வருவோம். விரியலாக்கியில் சப்வூஃபருக்கெனத் தனி வாயில் இருப்பின் ஒற்றைக் கம்பியே போதும். அவ்வாயில் இல்லையெனின், ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் முனைகளிலிருந்தே இன்னொரு சோடிக் கம்பிகளைப் பெட்டியின் அதற்குரிய முனைகளுக்கு இழுக்கலாம். நேர்முனை நேர்முனையோடும் எதிர்முனை எதிர்முனையோடும் சேர்தல் வேண்டும். பெட்டி தன் சொந்த வலுவால் இயங்குவதால், பழைய விரியலாக்கிக்கு அதனாற் சுமை ஏறுவதில்லை. விரியலாக்கி ஏற்கெனவே ஒலியைப் பகுத்து அனுப்புமாயின், பெட்டியின் பகுப்புத் திருகியை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுக. ஒரே ஒலியை இருமுறை பகுத்து, இடையில் ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொள்வோர் பலர்.

எல்லாஞ் சரியாயிருந்தும் இசை மெலிந்திருப்பின், ஹில்லியார்ட் கண்ட அந்த எட்டடியையே நினைவு கூர்க. செக்கனுக்கு 80 அதிர்வுகளில், அதாவது பலரும் பகுப்பெல்லையாகக் கொள்ளும் இடத்தில், ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 14 அடி. பெட்டி மற்றை ஒலிபெருக்கிகளிலும் ஏழடி தொலைவில் இருக்குமாயின், ஒன்று காற்றைத் தள்ளும் வேளையில் மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். பெட்டியின் பின்புறத்தே 0, 180 என்று குறிக்கப்பட்ட சிறிய ஆளி இதற்காகவே உளது. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து தாழ்ந்த சுருதி மிக்க பாட்டொன்றைக் கேட்டுக்கொண்டே, வேறொருவரைக் கொண்டு அவ்வாளியை மாற்றச் செய்க. எந்நிலையில் ஒலி நிறைந்து கேட்கிறதோ அந்நிலையே சரியானது. பெட்டியை இடம் மாற்றினால் இச்சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.