காயம் காய வேண்டுமா?

பள்ளிக்கரணையில் மழைக்காலம் வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அதில் நடந்து காலில் கண்ணாடி குத்திக்கொண்டவர்கள் என் வாசலுக்கு வருவார்கள். ஒரு மருத்துவமனையில் முப்பத்து மூன்று ஆண்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டைப் பிரித்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “நர்ஸம்மா, புண்ணு காஞ்சிருச்சா?”

நானும் அப்படித்தான் கற்றேன். 1979இல் தீக்காய வார்டில் உலர்ந்த காஸ் வைத்துக் கட்டுவோம். மறுநாள் அது புண்ணோடு ஒட்டியிருக்கும். சலைன் ஊற்றி உரித்தால் புதிதாக முளைத்த தோலும் கூடவே வரும். நோயாளியின் அலறல் வராந்தா வரை கேட்கும்.

அதற்கு 17 ஆண்டு முன்பே விடை கிடைத்திருந்தது. 1962இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார்; சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடியவற்றில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் தோல் வளர்ந்தது. பொருக்குத் தட்டினால் புதுத்தோல் அதனடியில் குடைந்து போகவேண்டும். ஈரமிருந்தால் மேலாகவே பரவிவிடும்.

என் பாட்டிக்கு விண்டரைத் தெரியாது. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்தச் சொல்வாள். மெழுகு படிந்த இலை புண்ணில் ஒட்டாது. மும்பை சயான் மருத்துவமனை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்தின் மேல் கட்டிப் பார்த்து, 2003இல் ஆய்விதழில் எழுதினார்கள்: பிரிக்கும்போது வலி குறைவு, செலவும் சொற்பம்.

அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், செருப்புத் தோலைப் படித்த அறிவை மனிதத் தோலுக்கும் திருப்பியது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனைப் புண்ணுக்குப் போர்வையாக்கியது. சுத்தமான தீக்காயத்தில் கொலாஜன் தாளை ஒட்டினால் தினமும் பிரிக்க வேண்டியதில்லை. கீழே தோல் வளர வளர, ஓரத்திலிருந்து தானே கழன்றுவரும். அதை முதன்முதலில் ஒட்டிய மறுநாள் காலை வார்டு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குப் பழகவே எனக்குச் சில நாளாயிற்று.

இப்போது ஆழமான சர்க்கரைப் புண்ணில் நுரைப்பஞ்சு வைத்து, மேலே தாள் ஒட்டி, குழாய் வழியே மிஷினால் உறிஞ்சுகிறார்கள். மிகை நீரைத்தான் அது இழுக்கும், புண்ணை உலர்த்தாது.

ஈரம் வேறு, தெருத் தண்ணீர் வேறு. சீழோ நாற்றமோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, இனி என்னிடம் “காஞ்சிருச்சா” என்று கேட்காதீர்கள். “ஆறிருச்சா” என்று கேளுங்கள்.